1971 எம்ஜிபி ரோட்ஸ்டர்: ஓசியில் வந்த 2 அங்குல எவர்சில்வர் எக்ஸாஸ்ட் பொருந்தவில்லை, வெட்டலாமா?

அபிங்டன்_பாண்டி (லெஸ்டர்):
என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். குரோம் பம்பர், 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், ஓவர்டிரைவ் (வேகத்தில் இஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு. இஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை, இஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டும் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்புதான் இன்னும் இருக்கிறது. பழைய எக்ஸாஸ்டில் நடு சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. காரை வெளியே எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது, அதுவும் நல்ல விதமாக இல்லை.

பக்கத்து ஊரில் ஒருவர் தன் எம்ஜிபியைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். கம்பிச் சக்கரம் வாங்கப் போன இடத்தில் எக்ஸாஸ்டையும் "எடுத்துக்கொண்டு போ" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். எவர்சில்வர், பின்னால் ஒரே ஒரு சைலன்சர். ஆனால் அவருடையது பின்னால் வந்த ரப்பர் பம்பர் மாடல், அதில் டியூபுலர் மேனிஃபோல்டு (வார்ப்புக்குப் பதில் குழாய்களை வளைத்துச் செய்தது) போட்டிருந்தார். உன் காரில் நேராக ஏறாது என்று சொல்லித்தான் கொடுத்தார், நானும் தெரிந்துதான் வாங்கினேன்.

கீழே படுத்து ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் என் இரட்டைக் குழாய் ஒன்றாகச் சேர்ந்து முடியும் இடம் 1.75 அங்குலம், இது தொடங்குவதே 2 அங்குலத்தில். தொங்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வால் குழாய் பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிள் கிரைண்டர் கையில் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மொறிஸ்மைனர்காரன் (ஹாரோ):
முதலில் அந்த கிரைண்டரைக் கீழே வையுங்கோ தம்பி. வெட்டின குழாயை ஒட்டலாம், ஆனால் எந்த இடத்தில் வெட்டினோம் என்பதை மாற்ற ஏலாது.

உங்களுக்குக் கிடைத்தது என்ன சாமான் என்று வடிவாக விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எம்ஜிபியில் இருக்கிற பி-சீரீஸ் இஞ்சினில் நாலு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வாசல் மூன்றுதான், நடுவில் இருக்கிற இரண்டும் மூன்றும் ஒரே வாசலைப் பங்குபோடுகின்றன. கம்பெனி மேனிஃபோல்டில் கீழே இரண்டு வாய், அதில் இரட்டைக் குழாய் ஏறும், ஒவ்வொரு வாய்க்கும் மூன்று ஸ்டட் (நட் ஏறும் மரையாணி), மொத்தம் ஆறு நட். டியூபுலர் மேனிஃபோல்டில் இந்தச் சேர்க்கை எல்லாம் மேனிஃபோல்டிலேயே முடிந்துவிடும், கடைசியில் ஒரே குழாயாக வெளியே வரும். அதற்குப் பின்னால் செருகிக்கொள்ளத்தான் உங்கட எவர்சில்வர் குழாய் செய்யப்பட்டிருக்கு. ஆக உங்களுக்கு வழி இரண்டு: மேனிஃபோல்டை மாற்றுவது, அல்லது உங்கட பழைய இரட்டைக் குழாயை வைத்துக்கொண்டு அதன் முடிவில் இதைச் செருகுவது. பழைய இரட்டைக் குழாய் நல்லா இருக்கோ?

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
தலைப்பில் எம்ஜிஆர் ரோட்ஸ்டர் என்று படித்துவிட்டு ஓடி வந்தேன். வந்ததற்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறேன். ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு எல்லா சைஸிலும் ரெடியூசர் கிடைக்குமே, ஜிஐ பைப் ஒரு துண்டு வாங்கி நடுவில் வைத்து வெல்டு அடித்தால் முடிந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?

லேத்_பட்டறை (கோவை):
அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க. ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கு, அதில் வெல்டு வைத்தால் வரும் வெள்ளைப் புகையை இழுத்தவனுக்கு அன்றைக்கு ராத்திரியே காய்ச்சலும் குளிரும் வரும். எங்க பட்டறைப் பசங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்.

பாண்டி, உங்க அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 அங்குலம் என்பது வெளி விட்டம், 50.8 மிமீ. தகடு 1.5 மிமீ கனம் என்றால் உள் விட்டம் 47.8. உங்க இரட்டைக் குழாய் முடியும் இடம் 1.75 அங்குலம், வெளி விட்டம் 44.45. இரண்டுக்கும் நடுவே 3.35 மிமீ, அதாவது பக்கத்துக்கு 1.7 மிமீ சந்து. 16 கேஜ் தகடு கிட்டத்தட்ட 1.6 மிமீ. ஆகவே 16 கேஜில் ஒரு ஸ்லீவ், அதாவது சந்தை நிரப்பும் இடைக் குழாய், உள்ளே 44.5, வெளியே 47.7, நீளம் 60 மிமீ போதும். எந்த லேத்காரரும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கடைந்து கொடுத்துவிடுவார். ஆனா என் கணக்கை நம்பி ஆர்டர் கொடுத்துவிடாதீங்க. உங்க குழாயை வெர்னியரில் பிடித்து, சுற்றிலும் மூன்று நாலு இடத்தில் அளவு எடுங்க. பழைய குழாய் வட்டமாகவே இருக்காது.

இன்னொன்று. புகை போகும் திசையில் முன்னால் இருக்கும் குழாய், பின்னால் இருப்பதற்குள் நுழைய வேண்டும். உங்க விஷயத்தில் சின்னது முன்னால், பெரியது பின்னால், தானாகவே சரியாக அமைகிறது. சந்தோஷப்படுங்க.

பழசுதான்_அழகு (கேம்பிரிட்ஜ்):
எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல காரைக் கெடுக்கப் பார்க்கிறீர்கள். எம்ஜிபிக்கு உதிரிபாகம் கிடைக்காத காலமா இது? 1962-ல் தொடங்கி 1980-ல் அபிங்டன் தொழிற்சாலை மூடும் வரைக்கும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார். மைல்டு ஸ்டீலில் முழு எக்ஸாஸ்ட், கம்பெனி அளவில், புதிதாகவே கிடைக்கிறது, பெரிய விலையும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டிவிட்டு மத்தியானம் ஓட்டலாம். ஓசியில் வந்த குழாயைப் பொருத்த ஸ்லீவ், கிளாம்ப், வெல்டிங் என்று செலவழித்துக் கூட்டிப் பாருங்கள், புதுசு வாங்கியிருக்கலாம் என்று தெரியும்.

தவிர, 95 குதிரைத்திறன் இஞ்சினுக்கு 2 அங்குலக் குழாய் எதற்கு?

அபிங்டன்_பாண்டி:
இரட்டைக் குழாய் நன்றாகவே இருக்கிறது, முந்தைய உரிமையாளர் சமீபத்தில் மாற்றியிருக்கிறார் போல. நட்டும் பித்தளைதான்.

பழசு சார், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் மைல்டு ஸ்டீல் என்னிடம் நிலைப்பதில்லை. நான் வார நாட்களிலும் இதை ஓட்டுகிறேன், வேலை இடம் 4 மைல், குழாய் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

அரையங்குல_ஸ்பேனர் (பர்மிங்காம்):
அந்த 4 மைல்தான் உங்கள் சைலன்சரைத் தின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. குழாய் நன்றாகக் காய்ந்தால் அது ஆவியாகவே போய்விடும், இல்லாவிட்டால் சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஒரு நாள் அடி விட்டுவிடும். குளிர்காலத்தில் இந்த ஊர்ச் சாலையில் கொட்டுகிற உப்பு வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் ஓட்டத்துக்கு எவர்சில்வர் சரியான முடிவுதான்.

ஒரு காந்தம் எடுத்துக் குழாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் 304 ரக எவர்சில்வர். ஒட்டினால் 409 வகையாக இருக்கலாம், அதுவும் மோசமில்லை, ஆனால் மேலே பழுப்பேறும். வளைவுகளில் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், வளைக்கும்போது 304-க்கும் கொஞ்சம் காந்தத் தன்மை வரும்.

குழாய் அளவைப் பற்றி: 1.75 அங்குலத்தைவிட 2 அங்குலத்தில் உள்பரப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் கேம் ஷாஃப்டும் ஹெட்டும் கம்பெனி நிலையில் இருக்கும் இஞ்சினில் ஓட்டும்போது உணரும் அளவுக்குப் பவர் ஏறாது. நெரிசல் குழாயில் இல்லை, ஹெட்டில் இருக்கிறது. கெடுதலும் பெரிதாக இல்லை. சத்தம் மாறும், அதுதான் நீங்கள் நிஜமாக யோசிக்க வேண்டியது.

டர்போ_தம்பி:
அக்கா, அப்படியானால் டியூபுலர் மேனிஃபோல்டும் சேர்த்துப் போட்டுவிட்டால் பவர் ஏறும்தானே? பாண்டி அண்ணா, பாதி போட்டுவிட்டு நிற்காதீர்கள்.

அரையங்குல_ஸ்பேனர்:
ஏறும், கொஞ்சம். அதற்கு விலையும் உண்டு. இந்த இஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கட். அதைவிட முக்கியமாக, நடுவில் உள்ள ஸ்டடுகளில் ஒரே கனமான வாஷர் இரண்டு மேனிஃபோல்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. கம்பெனியிலிருந்து வந்தபோது இரண்டு விளிம்பும் ஒரே கனம். வெளியே வாங்கும் டியூபுலரின் விளிம்பு சில சமயம் மெலிசாக இருக்கும். வாஷர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், ஒன்று இறுகும், மற்றது கசியும். இன்லெட் பக்கம் கசிந்தால் காற்றை இழுத்துக் கலவை மெலியும், ஐடிலிங் ஆடும், ஆட்கள் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி அதைப் பிரித்துப் போடுவார்கள். விளிம்பைச் சமப்படுத்தாமல் டியூபுலர் போடாதீர்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சத்தத்தை அடக்கும், வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், விரிசல் விடாத வரைக்கும் ஆயுசுக்கும் கிடக்கும். பாண்டியின் காரில் அதைத் தொட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மொறிஸ்மைனர்காரன்:
ஓம், நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். என்ர மொறிஸ் மைனர் காரில் டியூபுலர் போட்டுப் பிறகு கழற்றி, பழையதையே ஏற்றினேன். பானட்டுக்குள்ளே வெக்கை தாங்க ஏலாமல் போச்சு.

பழசுதான்_அழகு:
கடைசியில் என் பக்கம் வருகிறீர்கள்.

மொறிஸ்மைனர்காரன்:
பாதி வழி மட்டும் அண்ணை.

லேத்_பட்டறை:
பாண்டி, முன் மூட்டு முடிவாகிவிட்டால் அடுத்தது தொங்கவிடும் வேலை. இங்கேதான் ஆட்கள் அவசரப்படுவாங்க. சொல்கிறேன், கேளுங்க.

இஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கு, கிளட்ச் விடும்போது ஆடும். மேனிஃபோல்டும் முன் குழாயும் அதோடு சேர்ந்து ஆடும். அதனால்தான் முன் குழாயின் முதல் தாங்கல் கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கு, பாடியோடு இல்லை. அந்த பிராக்கெட்டை யாராவது கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அதைத் தேடி மாட்டுங்க. அது இல்லாமல் குழாயின் எடை முழுவதும் ஆறு ஸ்டடில் தொங்கும், ஒரு நாள் ஸ்டட் அறும், இல்லை குழாய் விரியும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ரப்பரில் தொங்க வேண்டும், எங்கேயும் இரும்போடு இரும்பு பிடிக்கக் கூடாது.

அப்புறம் சூடு. 304 எவர்சில்வர் மைல்டு ஸ்டீலைவிட அதிகமாக நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.017 மிமீ, மைல்டு ஸ்டீலுக்கு 0.012. இரண்டரை மீட்டர் குழாய் 250 டிகிரி சூடேறினால் 10 மிமீக்கு மேல் பின்னால் நகரும். முன்பக்கம் பிடித்திருப்பதால் போக வேறு இடம் கிடையாது. ஆகவே குளிர்ந்திருக்கும்போது ரப்பர் எல்லாம் லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கணும். சூடான பின் நேராகிவிடும்.

எல்லா மூட்டையும் கை இறுக்கமாக மட்டும் வைத்து, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தொங்கவிட்டு, சுழற்றி நகர்த்தி இடம் பாருங்க. மார்க்கரில் கோடு போடுங்க. அதற்குப் பிறகுதான் வெட்டு.

அபிங்டன்_பாண்டி:
பிராக்கெட் இருக்கிறது. பின் அச்சைத் தாண்டும் வளைவு கொஞ்சம் இடிக்கும் போலத் தெரிகிறது. காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன், சக்கரம் தொங்குகிறது. இந்த நிலையில் இடைவெளி விரல் நுழையும் அளவுதான்.

நட்டுபோல்ட்டு (டொரன்டோ):
சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவு பாதி உண்மைதான். அச்சின் அடியில் ஸ்டாண்டை வைத்து, கார் தன் எடையில் உட்கார்ந்த நிலையில் இன்னொரு தடவை பாருங்கள். பிறகு டிக்கியில் இரண்டு ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது அச்சு ரப்பர் ஸ்டாப் வரைக்கும் மேலே வரும், அந்தத் தூரத்தையும் மனதில் வையுங்கள். ரப்பர் பம்பர் வண்டியை அமெரிக்காவின் பம்பர் உயரச் சட்டத்துக்காக ஒரு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அந்த உயரத்தில் இருந்த குழாய் உங்கள் தாழ்ந்த வண்டியில் அச்சோடு வேறு மாதிரி உறவு வைத்துக்கொள்ளும். தரைக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியையும் அளந்துவிடுங்கள், இங்கிலாந்தில் ஸ்பீடு பிரேக்கருக்குப் பஞ்சமில்லை.

பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் இவற்றிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி நிற்கட்டும்.

டர்போ_தம்பி:
நடு சைலன்சரே வேண்டாம் அண்ணா. சத்தம்தான் ஸ்போர்ட்ஸ் காருக்கு அழகு!

அரையங்குல_ஸ்பேனர்:
தம்பி, நீ அதில் உட்கார்ந்து லெஸ்டரிலிருந்து லண்டன் வரைக்கும் போய்வா, பிறகு பேசலாம். எம்ஜிபி ஓவர்டிரைவில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால் மணிக்குச் சுமார் 22 மைல் வேகம். 70 மைலில் 3200 சுற்று. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும், நொடிக்கு ஏறக்குறைய 107. ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் அதே வேகத்தில் 3900 சுற்று. ஒரே ஒரு பின் சைலன்சர், அதுவும் நேர்க்குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்த வகை, கிறீச்சென்ற உயர்ந்த சத்தத்தை நன்றாகக் குடிக்கும், இந்த மாதிரி அடிவயிற்று ரீங்காரத்தை விட்டுவிடும். ஹூட் என்கிற துணிக் கூரை போட்ட ரோட்ஸ்டருக்குள் அது மண்டையைப் பிளக்கும். கம்பெனிக்காரன் இரண்டு சைலன்சர் வைத்தது காசு அதிகமாகி இல்லை.

நட்டுபோல்ட்டு:
பக்கவாட்டில் ஒரு மூடிய குழாயை ஒட்டி அந்த ரீங்காரத்தைத் தின்ன வைக்கலாம், கால் அலைநீளக் கணக்கு.

அரையங்குல_ஸ்பேனர்:
கணக்கு சரி. 300 டிகிரி புகையில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் போகும், நொடிக்கு 107 அதிர்வுக்குக் கால் அலைநீளம் 1.1 மீட்டர். எம்ஜிபிக்கு அடியில் ஒரு மீட்டர் வெட்டிக் குழாய் தொங்க இடம் காட்டுங்கள், நானே வந்து மாட்டித் தருகிறேன்.

நட்டுபோல்ட்டு:
சரி, வாபஸ்.

அபிங்டன்_பாண்டி:
நடு சைலன்சர் போடுகிறேன், முடிவு. 2 அங்குல எவர்சில்வர் சைலன்சர் பெட்டி தனியாகக் கிடைக்கிறது, குழாயில் அந்த நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு உள்ளே வைக்கலாம். இரண்டு மூட்டையும் வெல்டு வைப்பதா, கிளாம்ப் போடுவதா?

லேத்_பட்டறை:
சைலன்சருக்கு ஆர்கான் வெல்டிங், முன் மூட்டுக்குக் கிளாம்ப். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் அச்சைத் தாண்டி வெளியே எடுக்க முடியாமல் அடுத்த தடவை கிரைண்டரோடு அழுவீங்க.

வெல்டுக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்க. எவர்சில்வர் வெல்டு வைக்கும்போது குழாய்க்குள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும், இரண்டு முனையையும் டேப்பில் மூடி ஒரு பக்கம் கேஸ் விட்டால் போதும். விடாவிட்டால் வெளியே அழகாக இருக்கும், உள்பக்கம் பொரிந்து கருகிக் கிடக்கும், அங்கிருந்துதான் பிறகு விரியும். அப்புறம் ஸ்லீவை மைல்டு ஸ்டீல் முன் குழாயோடு ஒட்ட நினைத்தால் 309 ரக வெல்டிங் கம்பி, சாதாரண கம்பி கூடாது. நானாக இருந்தால் ஒட்ட மாட்டேன், ஸ்லீவில் நீளவாக்கில் நாலு கீறல் போட்டு மேலே கிளாம்ப் இறுக்கினால் நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

யு கிளாம்ப் வேண்டாம், அது குழாயை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும், அப்புறம் உருவ முடியாது. பட்டையாக, அகலமாக வரும் கிளாம்ப் வாங்குங்க.

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கு, மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்தது. அதற்கு இங்கே எக்ஸாஸ்ட் விலைக்குக் கிடைக்காது, குழாய்க்குள் மணல் அடைத்து, காய்ச்சி, கையால் வளைத்துத்தான் போடுகிறோம். மணல் எலும்பாகக் காய்ந்திருக்கணும், ஈரம் இருந்தால் அடைப்பு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். உங்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாகச் சாமான் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு என்ன கவலையோ.

மொறிஸ்மைனர்காரன்:
வெல்டிங்குக்குக் குழாயைக் கழற்றி வெளியில் கொண்டுபோங்கோ. காரில் வைத்துக்கொண்டு புள்ளி வெல்டுகூட வைக்க வேண்டாம். 1971 வண்டி என்றால் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், பெட்ரோல் பம்பும் அந்தப் பக்கம்தான். கட்டாயம் காரில்தான் வைக்க வேணும் என்றால் பேட்டரி வயரைக் கழற்றாமல் தொடாதேங்கோ, ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடும்.

வால் குழாயைப் பற்றி ஒருவரும் கதைக்கேல்லை. ரப்பர் பம்பர் கார் மொத்த நீளத்தில் குரோம் பம்பரைவிட 5 அங்குலம் அளவுக்குக் கூட, அதனால்தான் உங்களுக்கு நீட்டிக்கொண்டு நிக்குது. வெட்டுங்கோ, ஆனால் பம்பருக்கு உள்ளே போகிற அளவுக்கு வெட்டாதேங்கோ. ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, புகை அங்கேயே சுழன்று ஹூட் விளிம்பு வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பம்பருக்கு வெளியே ஒரு அங்குலமாவது நிக்க வேணும்.

பழசுதான்_அழகு:
சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா என்று யாரும் கேட்கவில்லையே. நானே சொல்கிறேன். 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை, எக்ஸாஸ்ட் மாற்றுவது அந்தப் பெரிய மாற்றத்தில் சேராது. விருப்பப்பட்டு எம்ஓடிக்குக் கொண்டுபோனாலும், 1975 ஆகஸ்டுக்கு முன் பதிவான பெட்ரோல் காருக்குப் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி, மீட்டர் அளவு இல்லை. ஆனால் கசிவும், ஆடும் குழாயும், அளவுக்கு மீறிய சத்தமும் தோல்விதான். எம்ஓடி இல்லை என்பதற்காகச் சாலையில் எப்படியும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை, காவல்துறை நிறுத்தினால் பொறுப்பு ஓட்டுகிறவருக்குத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் புதுசு வாங்கியிருக்கலாம் என்பதே என் கட்சி.

அபிங்டன்_பாண்டி:
மாட்டியாகிவிட்டது. லேத்தில் ஸ்லீவ் கடைந்து கொடுத்தவர் கேட்ட காசு ஒரு பர்கர் விலைதான். உள் விட்டம் 44.5 கேட்டேன், என் குழாய் நசுங்கி முட்டை வடிவில் இருந்ததால் அவரே ஒரு கூம்பு இரும்பைச் செருகி வட்டமாக்கினார். வெல்டிங் பட்டறையில் ஆர்கானை உள்ளே விடச் சொன்னதும் அந்தப் பையன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது, அதற்குக் கோவை அண்ணாவுக்கு நன்றி.

தொங்கும் இடங்களுக்கு வெல்டு வைக்கவில்லை, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வகை பிராக்கெட் வாங்கி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி இறுக்கினேன். அச்சு விஷயத்தில் நட்டுபோல்ட்டு சொன்னது அப்படியே நடந்தது, சக்கரம் தொங்கும்போது விரல் நுழைந்த இடத்தில் கார் எடையில் உட்கார்ந்ததும் கையே நுழைகிறது.

இப்போது பிரச்சினை இரண்டு. ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கும்போது பட் பட் என்று பின்னால் வெடிக்கிறது. அப்புறம் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பின்பக்கம் எங்கேயோ இரும்புச் சத்தம், குளிர்ந்தால் காணோம்.

அரையங்குல_ஸ்பேனர்:
வெடிப்பது கசிவு, பெரும்பாலும் முன் பக்கத்தில். காலை எடுத்ததும் குழாய்க்குள் அழுத்தத் துடிப்பு வெளிக்காற்றை இழுக்கும், எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்ளும். கண்டுபிடிக்கச் சுலப வழி: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாற்றி வால் குழாயில் வைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான். மேனிஃபோல்டு வாயில் புது சீல் வளையம் போட்டீர்களா, அல்லது பழசையே அழுத்திவிட்டீர்களா? ஆறு நட்டையும் ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

கசிவை நிறுத்திய பிறகு எஸ்யூ கார்புரேட்டரைப் பாருங்கள், அதற்கு முன் தொடாதீர்கள். சூடான இஞ்சினில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்குங்கள். சுற்று ஒரு கணம் ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறி ஏறிய இடத்திலேயே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. இரண்டு கார்புரேட்டரிலும் தனித்தனியாக.

லேத்_பட்டறை:
இரும்புச் சத்தம் அந்த 10 மிமீதானுங்க. ரப்பர் நேராகத் தொங்கும்படி மாட்டிவிட்டீங்க போல. சூடாகி நீண்டு, பின் சைலன்சர் எதையோ தட்டுகிறது. பளபளவென்று உரசின தடம் இருக்கும், பாருங்க.

அபிங்டன்_பாண்டி:
தடம் இருக்கிறது, பம்பர் பிராக்கெட்டின் உள் முனையில். கிளாம்பைத் தளர்த்தி ரப்பரை முன்பக்கம் சாய்த்து மறுபடி இறுக்கினேன், சத்தம் போய்விட்டது. சோப்புத் தண்ணீரில் நுரை வந்தது மேனிஃபோல்டில் இல்லை, ஸ்லீவ் மூட்டில். கீறலின் முனை கிளாம்புக்கு வெளியே நீண்டிருந்தது, அதனால் கிளாம்பை 15 மிமீ முன்னால் நகர்த்தி எக்ஸாஸ்ட் பேஸ்ட்டும் தடவினேன். இறக்கத்தில் ஒன்றிரண்டு வெடி இன்னும் வருகிறது. முன் கார்புரேட்டரில் பிஸ்டனைத் தூக்கினால் சுற்று ஏறி அங்கேயே நிற்கிறது.

அரையங்குல_ஸ்பேனர்:
பெட்ரோல் அதிகம். முன் கார்புரேட்டரின் அடி நட்டை ஒரு பக்கவாட்டு அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே ஏற்றிவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள்.

டர்போ_தம்பி:
எல்லாம் சரி, சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்லவே இல்லையே அண்ணா!

அபிங்டன்_பாண்டி:
ஐடிலில் பழசைவிடக் கொஞ்சம் கனமாக, 70 மைலில் ரேடியோ கேட்கும் அளவுக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் இன்னும் முறைக்கிறார். அவர் முன்பும் அப்படித்தான்.

பழசுதான்_அழகு:
கழற்றிய பழைய பின் சைலன்சரைத் தூக்கிப் போடாதீர்கள். நடுதானே போச்சு, பின்னது நன்றாக இருந்தால் தபால் செலவு நான் தருகிறேன்.